உடல் உட்கூறு அளவீடு

உடல் உட்கூறு அளவீடு என்பது மனித உடலின் மொத்த எடையில் கொழுப்பு, தசை, எலும்பு, நீர் ஆகியவை தனித்தனியே எவ்வளவு உள்ளன என்பதைக் கணிக்கும் முறைகளின் தொகுதி ஆகும். மருத்துவம், ஊட்டச்சத்தியல், விளையாட்டு அறிவியல், முதியோர் நலம் ஆகிய துறைகளில் இது பயன்படுகிறது. தோல்மடிப்பை அளக்கும் எளிய இடுக்கியளவி முதல் எக்சு-கதிர் வருடி வரை பலவகைக் கருவிகள் இதற்கு உள்ளன. அண்மைக் காலத்தில் உடற்பயிற்சிக் கூடங்களிலும் வீடுகளிலும் மின்னோட்டத்தைக் கொண்டு கொழுப்பைக் கணிக்கும் எடைக் கருவிகள் பரவலாகியுள்ளன.

உயிருள்ள ஒருவரின் உடற்கொழுப்பை நேரடியாக நிறுக்கும் கருவி எதுவும் இல்லை. எல்லாக் கருவிகளும் அடர்த்தி, மின்மறுப்பு, கதிர் உறிஞ்சல் போன்ற வேறொரு பண்பை அளந்து, சில எடுகோள்களின் துணையுடன் கொழுப்பின் அளவைக் கணக்கிடுகின்றன. எனவே இவ்வளவீடுகளின் விடைகளைப் புரிந்துகொள்ள, அவற்றின் பின்னால் உள்ள எடுகோள்களையும் அறிதல் வேண்டும்.

உடலின் உட்கூறுகள்

உடலை எத்தனை கூறுகளாகப் பிரிப்பது என்பதைப் பொறுத்துப் பல மாதிரிகள் உள்ளன.

* இருகூறு மாதிரி: கொழுப்புத் திணிவு, கொழுப்பற்ற திணிவு.
* முக்கூறு மாதிரி: கொழுப்பு, எலும்புக் கனிமம், எஞ்சிய மென் இழையங்கள்.
* நாற்கூறு மாதிரி: கொழுப்பு, நீர், புரதம், கனிமம்.

1992 இல் வாங், பியர்சன், ஹெய்ம்ஸ்ஃபீல்டு ஆகியோர் உடலை அணு, மூலக்கூறு, உயிரணு, இழையம், முழு உடல் என ஐந்து நிலைகளில் ஆராயும் ஒரு சட்டகத்தை முன்வைத்தனர். இத்துறையின் ஆய்வுகளில் இது பெரிதும் பின்பற்றப்படுகிறது.

கொழுப்பு முழுவதும் வேண்டாத பொருள் அன்று. எலும்பு மச்சை, நரம்பு மண்டலம், உள்ளுறுப்புகள் ஆகியவற்றில் உள்ள இன்றியமையாக் கொழுப்பு ஆண்களில் உடல் எடையில் ஏறத்தாழ 3 விழுக்காடு ஆகும். மகப்பேற்றோடு தொடர்புடைய கொழுப்பும் சேர்வதால் பெண்களில் இது ஏறத்தாழ 12 விழுக்காடு எனக் கொள்ளப்படுகிறது. எஞ்சியது சேமிப்புக் கொழுப்பு ஆகும். அதில் தோலுக்கு அடியில் இருப்பது தோலடிக் கொழுப்பு எனவும், வயிற்றறையில் குடல், கல்லீரல் போன்றவற்றைச் சூழ்ந்திருப்பது உள்ளுறுப்புக் கொழுப்பு எனவும் அழைக்கப்படுகின்றன. நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றோடு உள்ளுறுப்புக் கொழுப்பே நெருங்கிய தொடர்புடையது.

ஒப்பீட்டுக்காக அமெரிக்க ஆய்வாளர் ஆல்பர்ட் பென்கே உருவாக்கிய 'மேற்கோள் ஆண்' 70 கிலோகிராம் எடையில் 15 விழுக்காடு கொழுப்பும், 'மேற்கோள் பெண்' 56.7 கிலோகிராம் எடையில் 27 விழுக்காடு கொழுப்பும் கொண்டவர்கள். இவை ஒப்பிடுவதற்கான மாதிரிகளே அன்றி, எல்லோரும் எட்ட வேண்டிய இலக்குகள் அல்ல.

எடையும் உடல் திணிவுச் சுட்டெண்ணும்

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவது உடல் திணிவுச் சுட்டெண் ஆகும். பெல்ஜிய நாட்டுக் கணிதவியலாளர் அடோல்ஃப் கெட்டலே 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்விகிதத்தை ஆராய்ந்தார். அமெரிக்க உடலியங்கியலாளர் ஆன்சல் கீஸ் 1972 இல் இதற்கு இப்போதைய பெயரை வழங்கினார்.

கணக்கிட எளிது என்பதும், பெருந்தொகை மக்களை ஒப்பிட உதவும் என்பதும் இச்சுட்டெண்ணின் சிறப்புகள். ஆயினும் எடை எதனால் ஆனது என்பதை இது காட்டாது. 170 சென்ரிமீட்டர் உயரமும் 72 கிலோகிராம் எடையும் உடைய இருவரின் சுட்டெண் 24.9 ஆகவே இருக்கும். அவர்களுள் ஒருவர் பாரம் தூக்கும் வீரராகவும், மற்றவர் தசை குறைந்து வயிறு பெருத்தவராகவும் இருக்கலாம்.

இக்குறைபாடு இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே வெளிப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் மருத்துவராக இருந்த பென்கேயும் உடன் பணியாற்றிய வெல்ஹாமும் 25 தொழில்முறை அமெரிக்கக் காற்பந்து வீரர்களை ஆராய்ந்து 1942 இல் முடிவுகளை வெளியிட்டனர். அப்போதைய உயர-எடை அட்டவணைப்படி அவர்களுள் 17 பேர் மிகை எடை காரணமாகப் படைச் சேவைக்குத் தகுதியற்றவர்கள். ஆனால் உடலடர்த்தியை அளந்தபோது, அவர்களில் பெரும்பாலோரின் கூடுதல் எடை தசையால் ஆனது என்பது தெரிந்தது.

வரலாறு

உடல் உட்கூறு பற்றிய தொடக்ககால அறிவு இறந்தோரின் உடல்களைப் பகுத்தாய்ந்ததன் மூலம் கிடைத்தது. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிகச் சில உடல்களே முழுமையாக வேதிப் பகுப்பாய்வு செய்யப்பட்டன. கொழுப்பற்ற இழையத்தின் அடர்த்தி, நீரளவு ஆகியவற்றுக்கு இன்றும் பயன்படும் மாறிலிகள் பெரும்பாலும் இத்தகைய ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டவை. பின்னர் பெல்ஜியத்தின் பிரசெல்சு நகரில் 25 உடல்கள் தோல், கொழுப்பிழையம், தசை, எலும்பு, உறுப்புகள் எனப் பிரித்து நிறுக்கப்பட்டன. இதன் முடிவுகள் 1984 இல் வெளியாயின.

உயிருள்ளோரிடம் அளவிடுவதில் பின்வருவன குறிப்பிடத்தக்கவை.

* 1921: செக் நாட்டு மானிடவியலாளர் யின்ட்ரிச் மத்தியேகா உடலின் புற அளவுகளிலிருந்து கொழுப்பு, தசை, எலும்பு ஆகியவற்றின் எடையைக் கணிக்கும் சமன்பாடுகளை வெளியிட்டார்.
* 1942: பென்கேயும் குழுவினரும் நீரடி எடையளவு மூலம் உடலடர்த்தியை அளந்தனர்.
* 1961: அமெரிக்க உயிரியற்பியலாளர் வில்லியம் சிரி, அடர்த்தியிலிருந்து கொழுப்பு விழுக்காட்டைக் கணிக்கும் தமது சமன்பாட்டை விளக்கினார். இவர் 1963 ஆம் ஆண்டின் அமெரிக்க எவரெசுட்டுப் பயணக் குழுவின் துணைத் தலைவரும் ஆவார்.
* 1974: பிரித்தானியாவில் டர்னின், வொமர்சிலி ஆகியோர் 481 பேரிடம் செய்த ஆய்வின் அடிப்படையில் தோல்மடிப்புச் சமன்பாடுகளை வெளியிட்டனர்.
* 1980கள்: உயிர்மின் மறுப்புக் கருவிகளும் இரட்டை ஆற்றல் எக்சு-கதிர் வருடிகளும் பயன்பாட்டுக்கு வந்தன.
* 1990கள்: காற்று இடப்பெயர்ச்சிக் கலமும், வெறுங்காலுடன் ஏறி நிற்கும் கொழுப்பு எடைக் கருவிகளும் சந்தைக்கு வந்தன.

அளவிடும் முறைகள்

தோல்மடிப்பு அளவீடு

தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் விரல்களால் கிள்ளி உயர்த்தி, மடிப்பின் தடிமனை இடுக்கியளவியால் அளப்பது இம்முறை. டர்னின்-வொமர்சிலி முறையில் மேற்கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டை எலும்பின் கீழ்ப்பகுதி, இடுப்பெலும்பின் மேற்பகுதி ஆகிய நான்கு இடங்கள் அளக்கப்படுகின்றன. செலவு மிகக் குறைவு, மின்சாரம் தேவையில்லை. எனினும் அளப்பவரின் பயிற்சியைப் பொறுத்து விடை மாறும். உள்ளுறுப்புக் கொழுப்பை இம்முறை காட்டாது.

நீரடி எடையளவு

இது ஆர்க்கிமிடீசு தத்துவத்தை அடிப்படையாகக் கொண்டது. ஒருவரைக் காற்றிலும், முழுவதும் நீரில் மூழ்கிய நிலையிலும் நிறுத்து, அவ்வேறுபாட்டிலிருந்து உடலின் கனவளவும் அடர்த்தியும் கணிக்கப்படுகின்றன. மூச்சை முற்றாக வெளியேற்றிய பின்னும் நுரையீரலில் எஞ்சும் காற்றைத் தனியே அளந்து கழிக்க வேண்டும்.

கொழுப்பின் அடர்த்தி இலீட்டருக்கு ஏறத்தாழ 0.90 கிலோகிராம், கொழுப்பற்ற பகுதியின் அடர்த்தி 1.10 கிலோகிராம் எனக் கொள்ளப்படுகிறது. இவ்விரு எண்களிலிருந்து பெறப்படுவதே சிரி சமன்பாடு:

கொழுப்பு விழுக்காடு = (495 ÷ அடர்த்தி) − 450

எடுத்துக்காட்டாக, 70 கிலோகிராம் எடையுள்ளவரின் உடலடர்த்தி 1.060 எனில், அவரது கொழுப்பு 17 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 11.9 கிலோகிராம் ஆகும். ஆனால் ஒருவரின் உடலடர்த்தி 1.100 ஐ விஞ்சினால், இச்சமன்பாடு சுழியத்துக்கும் குறைந்த விடையைத் தரும். அது நடைமுறையில் இயலாதது. எலும்பும் தசையும் அடர்ந்த உடல்களுக்கு 1.10 என்னும் பொது எண் பொருந்தாமல் போகலாம் என்பதையே இது காட்டுகிறது.

காற்று இடப்பெயர்ச்சி முறை

நீருக்குப் பதிலாக மூடிய கலத்திலுள்ள காற்றின் அழுத்த மாற்றத்தைக் கொண்டு உடலின் கனவளவை அறிவது இம்முறை. 'பாட் பாட்' என்னும் வணிகப் பெயருடைய கலம் 1990களின் நடுப்பகுதியில் அறிமுகமானது. நீரில் மூழ்க இயலாத முதியோருக்கும் இது ஏற்றது. கைக்குழந்தைகளுக்கெனத் தனியே சிறு கலமும் உண்டு. அடர்த்தியைக் கொழுப்பாக மாற்றும் எடுகோள் நீரடி முறையில் உள்ளதே ஆகும்.

உயிர்மின் மறுப்புப் பகுப்பாய்வு

உப்புகள் கரைந்த நீரைக் கொண்ட தசை மின்னோட்டத்தை எளிதில் கடத்தும். கொழுப்பு அதனை எதிர்க்கும். உணர முடியாத அளவுள்ள மாறுதிசை மின்னோட்டம் ஒன்றை உடலில் செலுத்தி, அதன் மின்மறுப்பை அளந்து உடல் நீரையும், அதிலிருந்து கொழுப்பற்ற திணிவையும் கணிப்பது இம்முறை. ஒற்றை அதிர்வெண் கருவிகள் பொதுவாக 50 கிலோஹெர்ட்சு அதிர்வெண்ணைப் பயன்படுத்துகின்றன. தாழ் அதிர்வெண் மின்னோட்டம் பெரும்பாலும் உயிரணுக்களுக்கு வெளியேயுள்ள நீரினூடாகச் செல்லும். உயர் அதிர்வெண் மின்னோட்டம் உயிரணு மென்சவ்வையும் கடந்து செல்லும். பல அதிர்வெண் கருவிகள் இவ்வேறுபாட்டைப் பயன்படுத்தி, உயிரணு உள்நீரையும் வெளிநீரையும் தனித்தனியே கணிக்கின்றன.

உடல் எடையில் ஏறத்தாழப் பாதி உடற்பகுதியில், அதாவது நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்தாலும், மொத்த மின்மறுப்பில் அதன் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றே. நீண்டு மெலிந்த கைகால்களே மறுப்பின் பெரும்பகுதியைத் தருகின்றன. பாதங்களை மட்டும் தொடும் வீட்டுக் கருவிகளில் மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குகிறது. ஆகவே அவை மேலுடலுக்குக் கூறும் எண்கள் அளக்கப்பட்டவை அல்ல. வயது, பால், உயரம், எடை ஆகியவற்றிலிருந்து சமன்பாட்டின் வழி ஊகிக்கப்பட்டவையே.

இரட்டை ஆற்றல் எக்சு-கதிர் உறிஞ்சல் அளவியல்

சுருக்கமாக டெக்சா எனப்படும் இம்முறை, எலும்பு நலிவைக் கண்டறிய உருவாக்கப்பட்டது. இரு வேறு ஆற்றல்களை உடைய எக்சு-கதிர்கள் உடலை ஊடுருவும்போது, எலும்பு, தசை, கொழுப்பு ஆகியவை அவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. அவ்வேறுபாட்டைக் கொண்டு எலும்புக் கனிமம், கொழுப்பு, ஏனைய மென் இழையம் ஆகிய மூன்றும் கணிக்கப்படுகின்றன. கை, கால், உடற்பகுதி என உறுப்புவாரியாக விவரம் கிடைப்பது இதன் சிறப்பு ஆகும். அளப்பதற்குச் சில நிமிடங்களே போதும்.

இரண்டு ஆற்றல்களைக் கொண்டு ஒரு புள்ளியில் இரண்டு பொருள்களை மட்டுமே பிரித்தறிய இயலும். எலும்பு உள்ள புள்ளிகளில் எலும்பையும் மென் இழையத்தையும் பிரிக்கலாம். அம்மென் இழையத்தில் கொழுப்பு எவ்வளவு என்பது, அருகிலுள்ள எலும்பற்ற புள்ளிகளைக் கொண்டு ஊகிக்கப்படுகிறது. மேலும், டெக்சாவின் மென் இழைய எண்ணில் தசை மட்டுமன்றி உள்ளுறுப்புகளும் உடல் நீரும் அடங்கும்.

படிமவியல் முறைகள்

சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகிய வருடல்கள் உடலின் குறுக்குவெட்டுப் படங்களைத் தருவதால், தோலடிக் கொழுப்பையும் உள்ளுறுப்புக் கொழுப்பையும் தெளிவாகப் பிரித்துக் காட்ட வல்லவை. புற்றுநோயாளருக்கு வேறு காரணங்களுக்காக எடுக்கப்பட்ட சி.டி. படத்தில், மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்திலுள்ள தசையின் பரப்பை அளந்து தசை இழப்பை மதிப்பிடும் வழக்கம் உள்ளது. சி.டி. முறையில் கதிர்வீச்சு மிகுதி ஆதலால், உட்கூறு அறிவதற்காக மட்டும் அது பரிந்துரைக்கப்படுவதில்லை.

ஓரிடத்தான் நீர்த்தல் முறை

நீரகத்தின் கதிரியக்கமற்ற ஓரிடத்தானாகிய தியூட்டிரியம் கொண்ட நீரைக் குறித்த அளவு பருகச் செய்து, சில மணி நேரத்தின் பின் எச்சிலிலோ சிறுநீரிலோ அது எவ்வளவு நீர்த்துள்ளது என அளந்தால், மொத்த உடல் நீரைக் கணக்கிடலாம். கொழுப்பற்ற திணிவில் ஏறத்தாழ 73 விழுக்காடு நீர் என்னும் எடுகோளின்படி, உடல் நீர் 40 கிலோகிராம் எனில் கொழுப்பற்ற திணிவு ஏறத்தாழ 54.8 கிலோகிராம் ஆகும். நீர்க்கோவை, கருவுற்றிருத்தல் போன்ற நிலைகளில் இவ்வெடுகோள் பிழைபடும்.

பிழைகளும் ஒப்பீட்டின் எல்லைகளும்

ஒரே நாளில் ஒருவரை இரு வேறு முறைகளில் அளந்தால், கொழுப்பு விழுக்காடு சில புள்ளிகள் வேறுபடுவது இயல்பு. எனவே ஒரு கருவியில் பெற்ற எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிட்டு, உடல் மாறிவிட்டது எனக் கூறுதல் தவறாகும். மருத்துவ வரையறைகளிலேயே இது ஏற்கப்பட்டுள்ளது. முதுமைத் தசைக் குறைவைக் கண்டறிய ஆசியச் செயற்குழு 2019 இல் வெளியிட்ட அளவுகோலில், பெண்களுக்கான கைகால் தசை வரம்பு டெக்சாவில் ஒரு சதுர மீட்டருக்கு 5.4 கிலோகிராம், மின்மறுப்பு முறையில் 5.7 கிலோகிராம். அதாவது ஒரே நோய்க்குக் கருவியைப் பொறுத்து வரம்பு மாறுகிறது.

ஒரே கருவியிலும் ஒவ்வொரு முறையும் சிறு வேறுபாடு தோன்றும். இரு அளவீடுகளுக்கு இடையிலுள்ள மாற்றம் மெய்யானது என 95 விழுக்காடு நம்பிக்கையுடன் கூற, அது கருவியின் மீள்தன்மைப் பிழையைப் போல் குறைந்தது 2.77 மடங்கு இருத்தல் வேண்டும். இது குறைந்தபட்சக் குறிப்பிடத்தக்க மாற்றம் எனப்படும். கொழுப்புத் திணிவில் பிழை 2 விழுக்காடு எனில், 20 கிலோகிராம் கொழுப்புள்ளவரிடம் ஏறத்தாழ 1.1 கிலோகிராமுக்குக் குறைந்த மாற்றத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. வீட்டுக் கருவி நாள்தோறும் காட்டும் ஏற்ற இறக்கங்கள் பெரும்பாலும் இவ்வகையினவே.

உடல் நீரும் விடையை மாற்றும். மாச்சத்தைத் திடீரெனக் குறைப்பவர்களிடம் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்ட கிளைக்கோசனும் அதனுடன் சேர்ந்த நீரும் முதலில் வெளியேறுகின்றன. கருவி இதனைக் கொழுப்பற்ற திணிவின் இழப்பாகவே காட்டும். உண்மையில் தசைப் புரதம் அவ்வளவு குறைந்திருக்காது.

தெற்காசியரும் உடல் உட்கூறும்

சமன்பாடுகள் பல ஐரோப்பிய, அமெரிக்க மக்களிடம் உருவாக்கப்பட்டவை. தெற்காசிய மக்களின் உடல் உட்கூறு அவர்களிடமிருந்து வேறுபடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு 2004 இல் 'த லான்செட்' இதழில் வெளியான ஒரு சிறு கட்டுரை ஆகும். அதன் ஆசிரியர்களான புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் ஆகிய இருவரின் உடல் திணிவுச் சுட்டெண்ணும் 22.3 ஆகவே இருந்தது. டெக்சா முறையில் அளந்தபோது யுட்கினின் கொழுப்பு 9.1 விழுக்காடு எனவும், யாக்னிக்கின் கொழுப்பு 21.2 விழுக்காடு எனவும் தெரிந்தது. இருவரின் பெயர்களும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவதால் இது 'ஒய்-ஒய் முரண்' எனப்படுகிறது.

இத்தகைய 'மெலிந்த தோற்றம், மிகுந்த கொழுப்பு' என்னும் உடல்வாகு பிறப்பிலேயே தொடங்குவதாக யாக்னிக் குழுவினரின் மற்றோர் ஆய்வு கூறுகிறது. 2003 இல் வெளியான அதன்படி, புனே அருகேயுள்ள சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோகிராம், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளின் எடை 3.5 கிலோகிராம். இந்தியக் குழந்தைகளிடம் தசையும் வயிற்று உறுப்புகளும் பெரிதும் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை.

இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொண்டு, உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு 2004 இல் ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய சுட்டெண்களைக் கூடுதல் நடவடிக்கைப் புள்ளிகளாகப் பரிந்துரைத்தது. இந்தியாவில் 23 முதல் மிகை எடை எனவும், 25 முதல் உடற்பருமன் எனவும் கொள்ளும் வழக்கம் உள்ளது. இடுப்புச் சுற்றளவின் வரம்பு ஆண்களுக்கு 90 சென்ரிமீட்டர், பெண்களுக்கு 80 சென்ரிமீட்டர் ஆகும்.

பயன்கள்

மருத்துவம்

2025 சனவரியில் வெளியான லான்செட் ஆணைக்குழுவின் அறிக்கை, உடற்பருமனை உடல் திணிவுச் சுட்டெண்ணை மட்டும் கொண்டு முடிவு செய்யாது, இடுப்புச் சுற்றளவு போன்ற அளவாலோ, உடற்கொழுப்பை நேரே மதிப்பிடும் அளவீட்டாலோ உறுதிப்படுத்த வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

எடைக் குறைப்பு மருந்துகளின் விளைவை ஆராயவும் இது உதவுகிறது. செமாகுளூட்டைடு மருந்தின் பெரிய ஆய்வொன்றில் சிலர் டெக்சா முறையிலும் அளக்கப்பட்டனர். 2021 இல் வெளியான முடிவுகளின்படி, அவர்களின் கொழுப்புத் திணிவு சராசரியாக 19.3 விழுக்காடும், மென் இழையத் திணிவு 9.7 விழுக்காடும் குறைந்தன. எடை குறையும்போது தசையும் ஓரளவு குறைகிறது என்பதால், புரத உணவும் தசைப் பயிற்சியும் வலியுறுத்தப்படுகின்றன. முதியோரிடம் இது மேலும் முதன்மையானது. முதுமையில் தசை குறைதலுக்கு இர்வின் ரோசன்பர்க் 1989 இல் 'சார்க்கோபீனியா' எனப் பெயரிட்டார். எடை மாறாமலே தசை குறைந்து கொழுப்பு கூடுவதால், எடைக் கருவி இதனை வெளிப்படுத்தாது.

விளையாட்டு

எடைப் பிரிவுகள் உள்ள விளையாட்டுகளில் உட்கூறு அளவீடு உயிர்காக்கும் கருவியாக மாறியதுண்டு. 1997 இன் இறுதியில், ஐந்து வாரங்களுக்குள், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர் மூவர் குறைந்த எடைப் பிரிவில் இடம்பெறுவதற்காக வெப்பமான இடத்தில் கடும் பயிற்சி செய்து, வியர்வையால் நீரிழந்து இறந்தனர். இதன்பின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதிகளை மாற்றியது. பருவத் தொடக்கத்தில் வீரரின் சிறுநீரைச் சோதித்து, உடலில் போதிய நீர் உள்ளதை உறுதிசெய்த பின் கொழுப்பு அளக்கப்படுகிறது. 5 விழுக்காடு கொழுப்பு எஞ்சும் எடையே அவருக்குரிய மிகக்குறைந்த எடை ஆகும். வாரத்துக்கு 1.5 விழுக்காட்டுக்கு மேல் எடை குறைப்பதும் தடை செய்யப்பட்டது.

மாறாக, கொழுப்பு விழுக்காட்டை அளவுக்கு மீறிக் குறைக்கும்படி வலியுறுத்துவது உணவு ஒழுங்கின்மைக்கும், பெண்களிடம் மாதவிடாய் நிற்பதற்கும், எலும்பு நலிவுக்கும் வழிவகுக்கலாம்.

ஒப்பிடத்தக்க அளவீட்டுக்கான நிபந்தனைகள்

* ஒவ்வொரு முறையும் ஒரே கருவியில், இயன்றவரை ஒரே நேரத்தில் அளத்தல்.
* காலையில் உணவுக்கு முன், சிறுநீர் கழித்த பின் அளத்தல்.
* அளவீட்டுக்கு முன் கடும் உடற்பயிற்சியைத் தவிர்த்தல்.
* மெல்லிய உடை அணிதல். உலோக அணிகலன்களை அகற்றுதல்.
* ஓர் எண்ணைத் தனியே கொள்ளாது, சில மாதங்களின் போக்கை நோக்குதல்.
* இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றோடு சேர்த்து மதிப்பிடுதல்.

பாதுகாப்பு

முழு உடல் டெக்சா வருடலின் கதிர்வீச்சு பொதுவாகச் சில மைக்ரோசீவர்ட்டு மட்டுமே. இயற்கையான சூழலிலிருந்து ஒருவர் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட்டு, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 6.6 மைக்ரோசீவர்ட்டு ஆகும். எனினும் கருவுற்ற பெண்களுக்கு டெக்சா தவிர்க்கப்படுகிறது. இதயமுடுக்கி போன்ற மின்கருவிகள் உடலில் பொருத்தப்பட்டவர்கள் மின்மறுப்புக் கருவிகளைப் பயன்படுத்தலாகாது எனத் தயாரிப்பாளர்கள் எச்சரிக்கின்றனர்.

இவற்றையும் பார்க்க

* உடல் திணிவுச் சுட்டெண்
* உடற்பருமன்
* நீரிழிவு நோய்
* எலும்பு நலிவு
* ஆர்க்கிமிடீசு தத்துவம்